கலிஃபோர்னியா கவுண்டி வாரியத்தை அணுகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்திலுள்ள 58 கவுண்டிகளில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகள்) சான் பிரான்சிஸ்கோ நீங்கலாக மற்ற அனைத்தையும், மக்கள் தேர்ந்தெடுக்கும் ஐந்து உறுப்பினர்களைக் கொண்ட மேற்பார்வையாளர் வாரியங்களே நிர்வகிக்கின்றன. சட்டமியற்றுவதும் நிர்வாகத்தை நடத்துவதும் அவற்றின் பொறுப்பே என்பதால், எந்தக் குறையையும் வாரியம் தீர்த்துவிடும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள்.

அந்த நம்பிக்கை முதலில் தடுமாறுவது கவுண்டியின் காவல்துறைத் தலைவரான ஷெரிஃப் விஷயத்தில்தான். ஷெரிஃப், மாவட்ட அரசு வழக்கறிஞர், சொத்து மதிப்பீட்டாளர் ஆகியோர் பொதுவாக வாக்காளர்களால் தனித்தனியே தேர்ந்தெடுக்கப்படுபவர்கள். அவர்களுடைய துறைகளுக்கான நிதியை வாரியம் ஒதுக்குகிறது. ஆனால் ஒரு குற்றத்தை எப்படி விசாரிக்க வேண்டும், யார் மீது வழக்குத் தொடர வேண்டும் என்று அது உத்தரவிட முடியாது. ஆகவே விசாரணை குறித்த முறையீட்டை வாரியத்திடம் கொண்டுபோவதால் பயன் குறைவு. அத்துறையின் வரவுசெலவுத் திட்டத்தைப் பற்றிய வாதத்தை முன்வைத்தால் பயன் உண்டு. பள்ளிகளுக்கோ தனி வாரியங்கள் இருக்கின்றன.

நகர மன்றத்தையும் கவுண்டி வாரியத்தையும் குழப்பிக்கொள்வதும் பரவலான தவறு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் எந்த நகராட்சியிலும் சேராத பகுதி என்பதால், அங்கு நகர மன்றத்தின் பணியையும் கவுண்டி வாரியமே செய்கிறது. அஞ்சல் முகவரியில் ஒரு நகரத்தின் பெயர் இருப்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது.

வாரிய உறுப்பினர் தேர்தலில், நவம்பர் பொதுத் தேர்தலின்போது வாக்களித்துக்கொள்ளலாம் என்று முதற்கட்டத் தேர்தலை அலட்சியப்படுத்துவதே எல்லாவற்றிலும் விலை உயர்ந்த தவறு என்பேன். கட்சி சார்பற்ற இப்பதவிக்குப் பெரும்பாலான கவுண்டிகளில் முதற்கட்டத்திலேயே பாதிக்கு மேல் வாக்குப் பெற்றவர் வென்றுவிடுகிறார். அந்த இடத்துக்கு நவம்பரில் போட்டியே இருக்காது.

கூட்டத்தில் பேசுவோரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உள்ளாட்சி அமைப்புகளின் கூட்டங்களைப் பொதுமக்கள் அறிய நடத்தச் சொல்லும் 1953ஆம் ஆண்டின் பிரவுன் சட்டப்படி, வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரத்துக்கு முன்பே வெளியிட வேண்டும். சில விதிவிலக்குகள் தவிர, நிரலில் இல்லாத பொருள் மீது முடிவெடுக்க அனுமதியில்லை. புதிய குறையை எவ்வளவு உருக்கமாகச் சொன்னாலும் உறுப்பினர்கள் அன்றே வாக்களிக்காததற்கு அலட்சியம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அதை நிரலில் சேர்க்கச் செய்ய, தங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதுவதுதான் வழி.