அரபு நாடுகளிலிருந்து வெளியேறுவோர்: உயர்தர வகுப்பில் கற்பிக்கும் விதம்

இடம்பெயர்வு என்றால் என்னவென்று வன்னிப் பிள்ளைகளுக்கு விளக்கத் தேவையில்லை. வீட்டில் கேட்டே வளர்ந்தவர்கள். அதனாலேயே இந்தப் பாடத்தில் ஒரு சிக்கல் வரும். அரபு நாட்டவர் எவர் வெளியேறினாலும் "யுத்தம்" என்று ஒரே சொல்லில் விடை எழுதிவிடுவார்கள். அந்த விடையைப் பிரித்துக் காட்டுவதே முதல் வேலை. இரண்டு பாடவேளை, அதாவது 80 நிமிடம் போதும்.

முதல் நாளே ஏ4 தாள்களைப் பாதியாக வெட்டி ஆறு அட்டைகள் எழுதுங்கள். ஆளின் பெயர் வேண்டாம், நிலைமை போதும்: 2013இல் கட்டாய இராணுவ சேவைக்கு அழைக்கப்பட்ட, சிரியாவின் அலெப்போ நகரத்து 19 வயது இளைஞன், 2006 முதல் 2010 வரையான வரட்சியில் கோதுமை கருகிப்போன, வடகிழக்குச் சிரியாவின் ஹசாக்கா விவசாயி, மதப்பிரிவு மோதல் மூண்ட 2006இல் பக்தாத்தில் கடை வைத்திருந்த குடும்பம், 1964 ஒப்பந்தத்தின்படி பெல்ஜியத்தின் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போன மொரோக்கோ தொழிலாளி, 1973இல் எண்ணெய் விலை ஏறிய பின் குவைத்துக்குப் போன எகிப்திய ஆசிரியர், 1948இல் பாலஸ்தீனத்தை இழந்து, டமாஸ்கஸின் யார்மூக் முகாமில் வாழ்ந்து, 2012இல் அங்கிருந்தும் ஓடிய மூதாட்டி.

நாலைந்து பேருக்கு ஓர் அட்டை. கேள்விகள் மூன்று: எது தள்ளியது? ஏன் அந்த நேரத்தில் புறப்பட்டார்? ஏன் அந்தப் பக்கம் போனார்? நடுக்கேள்விக்குக் கூடுதல் நேரம் விடுங்கள். வரட்சி பல வருடம் நீடித்தது. விவசாயி கிளம்பியதோ அடுத்த போக விதைக்கு வழியில்லாமல் போனபோது. காரணம் வேறு, புறப்படவைத்த தருணம் வேறு என்பது பிள்ளைகளுக்கு இங்கேதான் பிடிபடும்.

யார்மூக் அட்டையைக் கெட்டிக்காரக் குழுவிடம் கொடுங்கள். சிரியாவிலிருந்து வந்த பாலஸ்தீனரை உள்ளே விடுவதில்லை என்று ஜோர்தான் 2013 ஜனவரியில் அறிவித்தது. அதே எல்லையில் சிரியக் குடியுரிமை உள்ள அயலவர் நுழைந்தார். ஓடவைத்த குண்டு ஒன்றுதான், கையிலிருந்த பத்திரம் வேறு. இதிலிருந்து இரண்டாம் பகுதிக்கு, அதாவது போன நாடுகள் அவர்களை எப்படி ஏற்றன என்பதற்குப் போவது சுலபம்.

முதலில் உலகப் படத்தை மாட்டி, சிரியர்கள் அதிகம் போனது எங்கே என்று கேளுங்கள். பெரும்பாலும் ஜேர்மனி என்பார்கள். ஆனால் துருக்கியில் உச்சக்கட்டத்தில் 36 இலட்சத்துக்கு மேல். சின்னஞ்சிறு லெபனானில் பதிவு செய்தவர்களே 11 இலட்சத்துக்கு மேல். அயல்நாடுகளே பெருஞ்சுமையைத் தாங்கின.

பிறகு கரும்பலகையில் நாலு நிரல் போடுங்கள்: எப்படி நுழைந்தார், என்ன பத்திரம், வேலை செய்யலாமா, குடும்பத்தைக் கூப்பிடலாமா. லெபனான் சிரியர்களுக்கென அரச முகாம் அமைக்கவில்லை. பலர் தோட்டக் காணிகளில் வாடகை கொடுத்துக் கூடாரம் அடித்தார்கள். ஜோர்தான் 2012 ஜூலையில் சாத்தாரி முகாமைத் திறந்தது. ஜேர்மனி அகதி அந்தஸ்துக்கு மூன்று வருட வதிவிடம் கொடுத்தது. அதற்குக் கீழான பாதுகாப்புப் பெற்றவர்களுக்கு முதலில் ஒரு வருடம்தான், 2016 மார்ச் முதல் 2018 ஜூலை வரை குடும்பத்தை அழைக்கவும் முடியவில்லை. வளைகுடாவில் விசா வேலை கொடுப்பவரோடு கட்டுண்டது. கபாலா என்னும் இந்த முறையை நம்மூரில் பல வீடுகள் அனுபவத்தால் அறியும்.

கனடாவை நன்றாக விரித்துப் பேசுங்கள். 2010 ஓகஸ்டில் சன் சீ கப்பலில் வந்த 492 தமிழரை அது தடுத்துவைத்தது. 2015 டிசம்பரில் சிரிய அகதிகளின் விமானத்தை ரொறன்ரோவில் பிரதமரே வரவேற்றார். "சிரியர்களை விரும்பினார்கள், எங்களை விரும்பவில்லை" என்று ஒரு பிள்ளை சொல்லும். அந்த ஆதங்கத்தை அடக்கவேண்டாம். கூடவே நுழைந்த வழியையும் பார்க்கவையுங்கள். சிரியர்கள் வெளிநாட்டிலேயே தெரிவாகி, அழைக்கப்பட்டு வந்தவர்கள். கப்பலில் வந்தவர்கள் கேளாமல் வந்தவர்கள். இடையில் ஆட்சியும் மாறியிருந்தது.

அடிக்கடி நடக்கும் இரண்டு பிழைகள்: சிரியர் எல்லாரையும் அரபிகள் என எழுதுவது (குர்துகளும் உண்டு), அகதிகள் சாசனத்தில் கையெழுத்திட்ட நாடுகளே அகதிகளை ஏற்கும் என நினைப்பது. லெபனானும் ஜோர்தானும் 1951 அகதிகள் சாசனத்தில் இணையாதவை. இலங்கையும் இணையவில்லை.

பிள்ளைகளின் வீட்டுக் கதையை எழுதிவரச் சொல்லாதீர்கள். காணாமல்போனவரைத் தேடும் குடும்பம் எந்த வகுப்பிலும் இருக்கும். ஒரு பிள்ளை தானாகச் சொன்னால் கேளுங்கள், குறிப்பெடுக்கவேண்டாம்.

கணிப்பீட்டுக்கு ஏழாவது அட்டை: 2024 டிசம்பரில் அசாத் ஆட்சி விழுந்தபின், ஜேர்மனியில் பள்ளி போகும் பிள்ளைகளோடு இருக்கும் சிரியத் தாய். திரும்பிப் போவாரா? பத்து வரிகளில் விடை. போவதற்கும் தங்குவதற்கும் தலா இரண்டு காரணமாவது இருந்தால் முழுப் புள்ளி கொடுங்கள். எந்த முடிவைச் சொன்னாலும் பரவாயில்லை.