தண்ணீர் ஏ.சி. குளிரவில்லையா? கேஸை விடுங்கள், முதலில் தண்ணீரைப் பாருங்கள்

"கேஸ் கம்மியா இருக்கும், டாப்-அப் பண்ணிடலாம்." சில்லர் (தண்ணீரைக் குளிரவைத்து ஏ.சி.க்கு அனுப்பும் பெரிய மெஷின்) ஓடும் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் காதில் விழுவது இதுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதை நம்பி, ஒரு துணிக்கடையின் அடித்தளத்தில் அரை நாள் கேஸ் கசிவைத் தேடினேன். கடைசியில் பார்த்தால், மொட்டை மாடியில் சூடான தண்ணீரைக் காற்றில் ஆற்றும் கூலிங் டவரின் ஃபேன் பெல்ட் கழன்று கிடந்தது.

அதனால் எதையும் திருகுவதற்கு முன், நல்ல வெயில் நேரத்தில் மெஷின் முழு லோடில் (முழுத் திறனில்) ஓடும்போது நான்கு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: சில்லருக்குள் போகும் குளிர்நீர், வெளியே வரும் குளிர்நீர், கண்டென்சருக்குள் (கேஸின் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும் பகுதி) போகும் டவர் தண்ணீர், அதிலிருந்து வெளியே வரும் தண்ணீர். நம் ஊரில் பெரும்பாலும் 12க்கு 7, 32க்கு 37 என்ற கணக்கில்தான் டிசைன் இருக்கும், அதாவது இரு பக்கமும் 5 டிகிரி வித்தியாசம். லோடு பாதியானால் வித்தியாசமும் பாதியாகும், அதைப் பார்த்துப் பயந்து வால்வைத் திருகாதீர்கள்.

அப்புறம் மாடிக்குப் போங்கள். ஃபேனுக்குக் கரண்டைத் துண்டிக்கும் ஐசொலேட்டரை அணைத்துப் பூட்டிவிட்டுத்தான் டவருக்குள் கை வைக்க வேண்டும். பெல்ட், அடைத்த நாசில் (தண்ணீர் தெளிக்கும் முனை), பாசி பிடித்த ஃபில் (தண்ணீர் பரவி வழியும் அடுக்குகள்), மிதவை வால்வு எல்லாவற்றையும் பாருங்கள். சென்னையில் வெட் பல்ப் (ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் வெப்பநிலை) 28 டிகிரி இருக்கும் நாளில் நல்ல டவரும் 31, 32க்குக் கீழே தண்ணீர் தராது, அதற்காக டவரைக் குறை சொல்ல வேண்டாம்.

அடுத்து கண்டென்சர் பம்ப். முழு லோடில் வித்தியாசம் 7, 8 டிகிரி என்றால் தண்ணீர் குறைவாக ஓடுகிறது, குப்பையைப் பிடிக்கும் சல்லடையான ஸ்ட்ரெய்னரைக் கழற்றிக் கழுவுங்கள். 3 டிகிரிதான் என்றால் அதிகமாக ஓடுகிறது, பம்பின் டெலிவரி (தண்ணீர் வெளியேறும் பக்க) வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடுங்கள். சக்ஷன் (தண்ணீரை இழுக்கும்) பக்க வால்வை மட்டும் மூடவே கூடாது, உள்ளே நீராவிக் குமிழிகள் உண்டாகி பம்ப் கெட்டுப்போகும்.

இனி உப்பு. பேனலில் காட்டும் கண்டென்சிங் வெப்பநிலையிலிருந்து (கேஸ் திரவமாக மாறும் வெப்பநிலை), கண்டென்சரை விட்டு வெளியேறும் தண்ணீரின் வெப்பநிலையைக் கழியுங்கள். குழாய் சுத்தமாக இருந்தால் 1, 2 டிகிரிதான் வரும். 4, 5 என்று ஏறினால் உள்ளே படிவு இருக்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள். 100 டன் குளிர்விக்கும் திறனுள்ள மெஷின் முழு லோடில் ஓடினால் மணிக்கு 600 லிட்டருக்கு மேல் டவரில் ஆவியாகிறது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே தங்கிவிடும், அதுவும் போர் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம். வரும் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்பின் அளவு) 500 என்றால், டவரில் 1500 தொட்டதும் உப்புத் தண்ணீரை வெளியேற்றும் பிளீட் வால்வைத் திறந்து விடுகிற மாதிரி வைத்துக்கொண்டால் மூன்று மடங்கோடு நிற்கும்.

குளிர்நீர் பக்கம் முழு லோடிலும் 2, 3 டிகிரி வித்தியாசமே வந்தால், ஏ.எச்.யு.வின் (குளிர்நீரால் அறைக் காற்றைக் குளிர்விக்கும் பெட்டி) ஃபில்டர் தூசி அடைத்திருக்கலாம், அல்லது அதைத் தாண்டித் தண்ணீரைத் திருப்பிவிடும் பைபாஸ் வால்வு திறந்தே கிடக்கலாம். இதைப் பார்க்காமல் செட் பாயின்டை (வெளியே வரும் குளிர்நீருக்கு வைத்த வெப்பநிலை) 7லிருந்து 5க்கு இறக்குவார்கள், கரண்ட் பில்தான் ஏறும். குளிர்நீர் ஓட்டம் குறைந்து ஃப்ளோ சுவிட்ச் (தண்ணீர் ஓடாவிட்டால் மெஷினை நிறுத்தும் பாதுகாப்பு சுவிட்ச்) டிரிப் ஆனால் அதை ஷார்ட் பண்ணி ஓட்டாதீர்கள், குழாய்க்குள் தண்ணீர் உறைந்து வெடித்தால் மெஷினே போச்சு.

ஒரு நேரத்தில் ஒரு வால்வு மட்டும். திருப்பிவிட்டு 20 நிமிடம் காத்திருந்து அதே நான்கு எண்களை மறுபடி எழுதுங்கள். இத்தனை பார்த்தும் குளிரவில்லையா, சரி, இப்போது கேஸ் ஆளைக் கூப்பிடலாம்.