மாலையில் விட்டுவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம்: கோலாலம்பூருக்குப் புதிதாக வருபவர்களுக்கு

நம் ஊரில் மறியல் என்றால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். சாலையில் உட்காருவார்கள். காவல்துறை வேனில் ஏற்றி, ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில் வைக்கும். மதியம் சாப்பாடு வரும். மாலை ஆறு மணிக்குப் பெயரையும் முகவரியையும் எழுதிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். கைதும் விடுதலையும் மறுநாள் பத்திரிகையில் ஒரே செய்தியாக வரும். இந்த வழக்கம் மனத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பதை மலேசியா வந்த பிறகுதான் உணர்ந்தேன். என் அறையில் தங்கியிருந்த தம்பி ஒருவன் ஒரு சனிக்கிழமை பிடிபட்டபோது, அவன் அம்மாவிடம் தொலைபேசியில் நான் சொன்னதும் அதுதான்: "பயப்படாதீர்கள் அம்மா, மாலையில் விட்டுவிடுவார்கள்."

ஒன்பது நாள் கழித்துத்தான் விட்டார்கள். அதுவும் அறைக்கு அல்ல, விமான நிலையத்துக்கு.

அந்தத் தாயிடம் சொன்ன வார்த்தை இன்றும் என்னை உறுத்துகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் அமைதிப் பேரணிச் சட்டம் 2012 என்று ஒன்று இருக்கிறது. அமைதியாகக் கூடுவதற்கான உரிமையை அது குடிமக்களுக்கு மட்டுமே தருகிறது. குடிமகன் அல்லாத ஒருவர் பேரணியை நடத்தினாலும் குற்றம், அதில் வெறுமனே கலந்துகொண்டாலும் குற்றம். 10,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம். கல்லெறிந்தீர்களா, கோஷம் போட்டீர்களா என்ற கேள்விக்கே இடமில்லை. கூட்டம் எவ்வளவு அமைதியாக இருந்தாலும் நீங்கள் அதற்குள் இருந்தீர்கள் என்பதே போதும். அபராதத்தை விடப் பெரிய இழப்பு பெர்மிட். உங்கள் வேலை பெர்மிட் உங்கள் முதலாளியோடு கட்டப்பட்டது. தொல்லை வேண்டாம் என்று முதலாளி முடிவு செய்தால் செக் அவுட் மெமோ (பெர்மிட்டை ரத்து செய்து நாட்டை விட்டு அனுப்புவதற்கான தாள்) எடுத்து ஊருக்கு அனுப்பிவிட முடியும். ஏஜென்டுக்குக் கொடுத்த பணத்தை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

வந்து இறங்கியதும் செய்ய வேண்டிய பதிவு வேலைகள் பெரும்பாலும் உங்களுக்கே தெரிந்திருக்கும். இந்தியத் தூதரகம் மோண்ட் கியாராவில் இருக்கிறது. அதன் தொலைபேசி எண்ணைக் கைபேசியில் மட்டும் வைக்காமல் காகிதத்திலும் எழுதிப் பணப்பையில் வையுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் மதத் என்ற குறைதீர்ப்புத் தளத்தில் ஒரு கணக்கைத் திறந்துவையுங்கள். தமிழ்நாட்டு அரசின் அயலகத் தமிழர் நலத்துறை எண்ணை வீட்டில் இருப்பவர்களிடம் கொடுத்துவையுங்கள். இங்கே அவசர உதவிக்கு 999. இதெல்லாம் அரை நாள் வேலை.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

தம்பி பேரணிக்குப் போகவில்லை. ஊருக்குப் பணம் அனுப்ப லெபோ அம்பாங் தெருவுக்குப் போனான். சம்பளம் வந்த மறுநாள் நாம் எல்லோரும் செய்கிற வேலைதான். மஸ்ஜித் ஜாமெக் ரயில் நிலையத்தில் இறங்கினால் நடந்துபோகிற தூரம். அதே நிலையத்திலிருந்து, பேரணிகள் கூடும் டத்தாரான் மெர்டேக்கா சதுக்கமும் நடந்துபோகிற தூரம் என்பதுதான் சிக்கல். இந்த நகரத்தில் பெரிய பேரணி எது நடந்தாலும் கூட்டம் சேர்கிற இடங்களும், நம்மவர்கள் பணம் அனுப்பவும் துணி வாங்கவும் சாப்பிடவும் போகிற இடங்களும் ஏறக்குறைய ஒன்றே: மஸ்ஜித் ஜாமெக், மஸ்ஜித் இந்தியா, சென்ட்ரல் மார்க்கெட், துன் பேராக் சாலை. நேர்மையான தேர்தல் கேட்டு 2012 ஏப்ரல் 28 அன்று நடந்த பெர்சே இயக்கத்தின் பேரணியில் கண்ணீர்ப்புகைக் குண்டும் தண்ணீர்ப் பீரங்கியும் பாய்ந்தது இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான்.

அவன் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் கூட்டத்தைப் பார்த்தான். பார்த்தவன் நின்றான். இங்கேதான் நம் பழக்கம் நம்மைக் கவிழ்க்கிறது. தெருவில் ஊர்வலம் போனால் வாசலுக்கு வந்து நிற்பது நமக்கு இயல்பு. வேடிக்கை பார்ப்பவன் வேறு, ஊர்வலத்தில் போகிறவன் வேறு என்று ஊர்க் காவலருக்குத் தெரியும், நமக்கும் தெரியும். இங்கே அந்த எல்லைக்கோட்டை யாரும் வரைந்து வைக்கவில்லை. கைபேசியை உயர்த்தி அரை நிமிடம் படம் எடுத்து, ஊர் நண்பர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினான். அதன் கீழே "நானும் போராட்டக் களத்தில்" என்று எழுதினான். இருபத்து மூன்று வயதுப் பையன், ஊரில் நண்பர்கள் வியக்க வேண்டும் என்ற ஆசையில் எழுதியது. பிறகு அவனிடம் கைபேசியைத் திறந்து காட்டச் சொன்னபோது முதலில் வந்து நின்றது அந்த வரிதான்.

ஆனால் அதுகூட இரண்டாவது பிரச்சினை. முதல் பிரச்சினை பாஸ்போர்ட். கூட்டத்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காவலர்கள் அவனிடம் அடையாளம் கேட்டார்கள். அவன் கையில் இருந்தது பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்து நகல், அதுவும் பெர்மிட் ஒட்டிய பக்கம் இல்லாமல். அசல் அவன் வேலை செய்த நிறுவனத்தின் அலமாரியில் பூட்டப்பட்டிருந்தது. நிறுவனத்துக்குச் சனி, ஞாயிறு விடுமுறை.

இதை நன்றாகக் கவனியுங்கள், ஏனென்றால் கண்ணி இங்கேதான் இருக்கிறது. இந்த நாட்டு அரசியலமைப்பின் 5ஆவது பிரிவின்படி, கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ஆனால் குடிமகன் அல்லாத ஒருவரைக் குடிநுழைவுச் (இமிகிரேஷன்) சட்டத்தின் கீழ் பிடித்துவைத்தால் அந்த 24 மணி நேரம் 14 நாள்களாக மாறிவிடுகிறது. அதே பிரிவில் அப்படியே எழுதியிருக்கிறது. பேரணிக்கு வந்த உள்ளூர்க்காரர் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கலாம். அவர் பக்கத்தில் தற்செயலாக நின்றிருந்த உங்களுடைய ஆவணம் சரிபார்க்கப்படும் வரை நீங்கள் உள்ளே இருக்கலாம். தம்பி மீது பேரணிக்காக வழக்கே போடவில்லை. ஆவணம் இல்லாததுதான் அவனை உள்ளே வைத்தது. நான் அவன் நிறுவனத்து மேலாளருக்குச் சனிக்கிழமை பதினொரு முறை அழைத்தேன். திங்கள்கிழமை பத்து மணிக்கு எடுத்தார். பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய்க் காட்ட அவர்களுக்கு மேலும் நாலு நாள் ஆனது. பிறகு, இந்தப் பையன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பிறருடைய பாஸ்போர்ட்டை உரிய அதிகாரம் இல்லாமல் வைத்திருப்பது பாஸ்போர்ட் சட்டம் 1966இன்படி குற்றம். 10,000 ரிங்கிட் வரை அபராதமும் ஐந்து ஆண்டு வரை சிறையும் உண்டு. முதலாளிக்கும் அது பொருந்தும். இருந்தாலும் "தொலைத்துவிடுவீர்கள், நாங்கள் பத்திரமாக வைக்கிறோம்" என்று சொல்லி வாங்கி வைப்பது இங்கே பரவலாக நடக்கிறது. புதிதாக வந்தவன் எப்படி மறுப்பான்? நானும் முதல் வருடம் மறுக்கவில்லை. ஆகவே சண்டை போடுங்கள் என்று சொல்லமாட்டேன். கேளுங்கள், அதையும் செய்தியாக எழுதிக் கேளுங்கள். வாய்ப்பேச்சுக்குச் சாட்சி இல்லை. கொடுக்க மறுத்தால், உங்கள் பாஸ்போர்ட் அவர்களிடம் இருக்கிறது என்று நிறுவனத்தின் முத்திரையுடன் ஒரு கடிதம் வாங்குங்கள். பெர்மிட் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறார்கள் என்றால் அதற்கான ஒப்புகைச் சீட்டின் நகலை வாங்குங்கள். முதல் பக்கம், பெர்மிட் பக்கம், நாட்டுக்குள் நுழைந்தபோது குத்திய முத்திரை இருக்கும் பக்கம் ஆகிய மூன்றையும் படம் எடுத்து உங்களிடமும், உடன் தங்கியிருப்பவரிடமும், வீட்டிலும் வையுங்கள். தம்பியின் பெர்மிட் பக்கம் என்னிடம் இருந்திருந்தால் அன்று இரவே கொண்டுபோய்க் காட்டியிருப்பேன்.

பேரணி வருகிறது என்பது இங்கே திடீரென்று தெரிவதில்லை. ஒரு வாரம் முன்பே பத்திரிகையில் வந்துவிடும். எந்தச் சாலைகள் மூடப்படும் என்று காவல்துறையே அறிவிக்கும். அந்த நாளில் நகர மையத்துக்குப் போகவே வேண்டாம். பணம் அனுப்புவதை ஒரு நாள் தள்ளிப்போட்டால் வீட்டில் புரிந்துகொள்வார்கள். வேலையே அங்கே என்றால் முதல் நாளே மேலாளரிடம் பேசி வழியைத் தீர்மானியுங்கள்.

உடையின் நிறத்தையும் பாருங்கள். இதை நான் சொன்னால் புதியவர்கள் நம்புவதில்லை. 2015 ஆகஸ்டில் பெர்சே 4 பேரணிக்கு முன்னால், அந்தப் பெயர் பொறித்த மஞ்சள் சட்டைகளை உள்துறை அமைச்சு தடையே செய்தது. அடுத்த மாதம் 16ஆம் தேதி எதிர்த்தரப்பு சிவப்புச் சட்டையில் திரண்டது. 2021 ஜூலையில் இளைஞர்கள் கறுப்புக்கொடி பிடித்தார்கள். மாலை போட்டிருப்பவர் மஞ்சள் வேட்டியோடு கோவிலுக்குப் போவதாக இருந்தாலும், அன்று எந்த நிறம் எந்தப் பக்கம் என்று ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

தெரியாமல் மாட்டிக்கொண்டால் நின்று பார்க்காதீர்கள், ஓடவும் ஓடாதீர்கள். கைபேசியைப் பையில் போட்டுவிட்டு, கூட்டம் போகும் திசைக்குக் குறுக்காக நடந்து பக்கச் சந்துக்குள் நுழையுங்கள். அந்த ரயில் நிலையத்துக்கே திரும்பாமல் இரண்டு நிலையம் தள்ளி நடந்துபோய் ஏறுங்கள். கண்ணீர்ப்புகை பட்டால் கண்ணைத் தேய்க்கவே கூடாது, காற்று வரும் பக்கமாக நகர்ந்து நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

இன்னொன்றைத் தயக்கத்தோடு எழுதுகிறேன். இந்த நாட்டுத் தமிழர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. 2007 நவம்பர் 25 அன்று, இந்து உரிமைகளுக்கான இன்ட்ராஃப் அமைப்பின் பேரணிக்கு அவர்கள் ஆயிரக்கணக்கில் அம்பாங் சாலையில் திரண்டு, கண்ணீர்ப்புகைக்கு நடுவில் நின்றதை இங்குள்ள பெரியவர்கள் சொல்லக் கேட்கும்போது உடல் சிலிர்க்கும். அவர்களோடு பழகி, அவர்கள் வீட்டில் சாப்பிட்டு, அவர்கள் குறையைக் கேட்டபின் "நீங்களும் வாருங்கள், நம்மவர்கள்தானே" என்று அழைத்தால் மறுக்க மனம் வராது. மறுத்துவிடுங்கள். மாலையில் அவர்களுக்குத் திரும்பிப்போக வீடு இங்கே இருக்கிறது, வாக்குரிமை இருக்கிறது. நிலைமையைச் சொன்னால் அவர்களே உங்களைத் தடுப்பார்கள். என் பக்கத்து வீட்டு அக்கா ஒருவர், பேரணிக்குத் தான் கிளம்பும்போது எங்கள் கதவைத் தட்டி, "இன்றைக்கு யாரும் வெளியே போகாதீர்கள் தம்பி" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்.

ஊர்ப் பிரச்சினைக்காகக் கூடினால் தப்பில்லை என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூட்டம் நின்றபோது இங்கே எங்கள் அறைகளிலும் அந்தத் துடிப்பு இருந்தது. நம்மவர்கள் கூடும் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் மெழுகுவத்தி ஏந்துவோமா என்று பேசினோம். நல்லவேளையாக மூத்தவர் ஒருவர் தடுத்தார். 2024 ஜூலையில், தங்கள் நாட்டில் மாணவர்கள் சுடப்பட்ட கொதிப்பில் ஐக்கிய அரபு அமீரகத்துத் தெருக்களில் கூடிய வங்கதேசத் தொழிலாளர்கள் 57 பேருக்குச் சில நாள்களிலேயே தண்டனை வந்தது. மூன்று பேருக்கு ஆயுள், ஒருவருக்குப் பதினோரு ஆண்டு, மற்றவர்களுக்குப் பத்து ஆண்டு. செப்டம்பரில் மன்னிப்பு கிடைத்தது, ஆனால் நாடு திரும்ப வேண்டியதாயிற்று. அவர்கள் அந்த நாட்டு அரசுக்கு எதிராக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிடிபட்டால் வாதாட வேண்டாம். புரியாத மொழியில் இருக்கும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவும் வேண்டாம். உறவினருக்கோ நண்பருக்கோ, ஒரு வழக்கறிஞருக்கோ தகவல் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. தூதரகத்துக்குத் தெரிவிக்கும்படி கேட்கும் உரிமையை 1963ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தின் 36ஆவது பிரிவு தருகிறது. கேட்டால்தான் கிடைக்கும், ஆகவே வாய்விட்டுக் கேளுங்கள். தம்பி நான்காம் நாள்தான் கேட்டான். அதுவரை, தூதரகத்துக்குத் தெரிந்தால் அம்மாவுக்கும் தெரிந்துவிடும் என்று பயந்தானாம்.

அவன் பெட்டி என் கட்டிலுக்கு அடியில் ஏழு மாதம் இருந்தது. ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். அவன் இங்கே வருவதற்காக வாங்கிய ஒன்றரை லட்சம் கடனை அவன் அப்பா இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

இன்று உங்களுக்கு விடுமுறையாக இருந்தால், இதைப் படித்து முடித்ததும் உங்கள் நிறுவனம் கொடுத்திருக்கும் எண்ணை ஒருமுறை அழையுங்கள். யாரும் எடுக்கவில்லை என்றால், திங்கள்கிழமை காலையில் முதல் வேலையாக, சனி, ஞாயிறுகளில் எடுக்கும் ஓர் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.