இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போடாதீர்கள்

கோத்தகிரிப் பக்கம் காலையில் எழுந்ததும் கை தேடுவது சூடான டீயைத்தான். அந்த டீயிலேயே இரும்புச்சத்து மாத்திரையையும் விழுங்கிவிடுகிறவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

ஒரு மாத்திரையைப் பொடித்து, பால் சேர்க்காத டீயில் போட்டுக் கலக்கிப் பாருங்கள். செம்பழுப்பாக இருந்த டீ மை மாதிரி கறுத்துவிடும். டீயில் உள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொள்வதால் வரும் கறுப்பு அது. வயிற்றுக்குள்ளும் இதே கதைதான். பிடிபட்ட இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. பால் டீயும் ஆகாது. "மூணு மாசமா மாத்திரை போடுறேன், ரத்தம் ஏறவே இல்லையே" என்று கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் வருந்தியபோது, "எதோட போடுறீங்கக்கா?" என்றுதான் முதலில் கேட்டேன். டீயோடுதான்.

மாத்திரைக்கு முன்னும் பின்னும் 2 மணி நேரம் டீ, காபி வேண்டாம். எலுமிச்சைச் சாறு பிழிந்த தண்ணீரோடு போட்டால் இரும்பு நன்றாகச் சேரும். கர்ப்பிணிகளுக்குக் கால்சியம் மாத்திரையும் தருவார்கள். அதை வேறு வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள், கால்சியமும் இரும்பைத் தடுக்கும். அப்புறம், டாக்ஸிசைக்ளின் மாதிரி ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்திருந்தால், இரும்பு மாத்திரை சாப்பிடுவதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சேர்த்துப் போட்டால் அந்த மருந்தும் சரியாக வேலை செய்யாது.