நன்கொடை கொடுக்கும் முன்

வாட்ஸ்அப்பில் வரும் க்யூஆர் கோடுக்கு உடனே பணம் அனுப்பாதீர்கள், பல வருடமாக ஒரே வேலையை விடாமல் செய்துவரும் இடமாகத் தேடுங்கள். சென்னையில் என்றால் நான் தயங்காமல் சொல்வது முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, அப்புறம் மனநலம் பாதித்துத் தெருவில் நின்ற பெண்களுக்காக 1993-ல் ஆரம்பித்த பான்யன்.

ரசீதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். அமைப்பின் பான் எண், வரிச்சலுகைக்கான 80ஜி பதிவு எண், உங்கள் பெயர், தொகை எல்லாம் அதில் இருக்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச்சலுகை கிடையாது. அமைப்பின் பெயரைச் சொல்லிவிட்டு யாரோ ஒருவரின் சொந்த வங்கிக் கணக்கைக் கொடுத்தால், வேண்டாம்.

முடிந்தால் மாதாமாதம் சின்னத் தொகையாகக் கொடுங்கள், சம்பளமும் மருந்துச் செலவும் அவர்களுக்கு மாதாமாதம்தானே வருகிறது. கையில் காசு இல்லையா, சரி, அரசு மருத்துவமனை ரத்த வங்கிக்குப் போங்கள்: ஆண்கள் 3 மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் 4 மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம்.