மேட்ச் முடியும்வரை யாரிடம் என்ன பேசலாம்? ரெசிடென்சி விண்ணப்பதாரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜனவரி பிறந்தால் போதும், அமெரிக்காவில் ரெசிடென்சிக்கு (முதுநிலை மருத்துவப் பயிற்சிக்கு) விண்ணப்பித்திருக்கும் ஜூனியர்களிடமிருந்து எனக்கு ஒரே கேள்வி வர ஆரம்பித்துவிடும். "அண்ணா, ப்ரோகிராம் டைரக்டர் மெயில் போட்டிருக்கார். எங்களுக்கு நீங்க நல்லாப் பொருந்துவீங்கன்னு எழுதியிருக்கார். அப்போ சீட் உறுதிதானே?" இல்லை தம்பி. அதே மெயில் இன்னும் அறுபது பேருக்குப் போயிருக்கலாம்.

அமெரிக்காவில் ரெசிடென்சி இடங்களுக்கு மேட்ச், அதாவது இரு தரப்பின் விருப்ப வரிசையையும் வைத்து ஆட்களை இடங்களோடு பொருத்துவது, என்.ஆர்.எம்.பி. (NRMP) என்கிற அமைப்பின் வேலை; 1952-லிருந்து நடத்திவருகிறது. நம் ஊர் முதுநிலை கவுன்சலிங்கில் நீட் ரேங்க்தான் பேசும். கல்லூரியோடு நீங்கள் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. அங்கே அப்படி இல்லை. விண்ணப்பதாரர் தனக்குப் பிடித்த ப்ரோகிராம்களை, அதாவது மருத்துவமனைகளின் பயிற்சித் திட்டங்களை, வரிசைப்படுத்துகிறார். ப்ரோகிராமும் தனக்குப் பிடித்த ஆட்களை வரிசைப்படுத்துகிறது. நடுவில் நேர்காணல், நன்றி மெயில், போன் என்று மாதக்கணக்கில் பேச்சு ஓடுகிறது. பேச்சுக்கு இடம் இருப்பதால்தான் அதற்கு விதிகளும் இருக்கின்றன. பதிவு செய்யும்போது படித்துப் பார்க்காமலேயே 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அமுக்குகிறோமே, அந்த ஒப்பந்தத்துக்குள்தான் இவை இருக்கின்றன.

விதியின் சாரம் சின்னதுதான். உங்களைப் பிடித்திருக்கிறது என்று இரு தரப்பும் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். அதை வாக்குறுதியாக மாற்றித் தரும்படி யாரும் யாரையும் கேட்கக்கூடாது. வாயால் சொன்னாலும் எழுத்தில் கொடுத்தாலும், இறுதி நேரத்துக்குள் சர்ட்டிஃபை செய்த (உறுதிசெய்து சமர்ப்பித்த) ரேங்க் லிஸ்ட், அதாவது அந்த விருப்ப வரிசை, மட்டுமே கணக்கில் வரும்.

இனிப்பான பேச்சை நம்பி லிஸ்டை மாற்றுவது

இது நானே செய்த தவறு. பிப்ரவரியில் ஒரு டைரக்டர் போன் செய்து, "உங்களை ரொம்ப மேலே வைத்திருக்கிறோம்" என்றார். அன்று இரவு தூக்கமே இல்லை. மூன்றாவதாக இருந்த அந்த இடத்தை முதலாவதாக ஏற்றிவிட்டேன். மார்ச்சில் முடிவு வந்தது. அந்த இடம் கிடைக்கவில்லை. முதலில் நான் விரும்பி, பிறகு இரண்டாவதாக இறக்கிய இடம் கிடைத்தது. அதாவது அவர் சொன்னது வெறும் பேச்சு. யோசித்துப் பார்த்தால், அவர் பொய் சொன்னதால் எனக்கு நஷ்டமே இல்லை. உண்மையைச் சொல்லியிருந்தால்தான் நஷ்டம்: எனக்கு மூன்றாவதாகப் பிடித்த ஊரில் மூன்று வருடம் இருந்திருப்பேன்.

இதற்குக் காரணம் மேட்ச் கணக்கு போடும் முறை. 1998 முதல் அது விண்ணப்பதாரர் பக்கத்திலிருந்து தொடங்குகிறது. உங்கள் லிஸ்டின் முதல் பெயரை எடுத்து அங்கே தற்காலிகமாக இடம் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் இரண்டாவதுக்குப் போகும். அந்த இரண்டாவது இடத்தில் உங்களுக்கு முன்பே வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தாலும், ப்ரோகிராம் தன் லிஸ்டில் உங்களை அவருக்கு மேலே வைத்திருந்தால் அவர் எழுந்துகொள்ள வேண்டியதுதான். ஆகவே கிடைக்கவே கிடைக்காத ஓர் இடத்தை ஆசைக்கு முதலில் போட்டு வைத்தாலும், அடுத்த இடங்களில் உங்கள் வாய்ப்பு ஒரு துளிகூடக் குறையாது. இந்த முறையைச் செப்பனிட்டவர்களில் ஒருவரான ஆல்வின் ராத், அதன் கணித அடிப்படையை அமைத்தவர்களில் ஒருவரான லாயிட் ஷாப்லியுடன் 2012-இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நோபல் வாங்கிய கணக்கை நம்பாமல் ஒரு போன் காலை நம்பிய புத்திசாலி நான்.

உங்களுக்கு எது பிடிக்குமோ அந்த வரிசையில் போடுங்கள். 'அவங்க எடுப்பாங்களா' என்ற யோசனை ரேங்க் லிஸ்டுக்குள் வரவே கூடாது.

கேட்கக்கூடாத கேள்விக்குப் பதற்றத்தில் பதில் சொல்வது

வேறு எந்தெந்த ப்ரோகிராமுக்கு விண்ணப்பித்தீர்கள், எந்த ஊர்களில், எந்தத் துறையில், எங்களை எத்தனையாவதாகப் போடுவீர்கள்: இவற்றை ப்ரோகிராம் கேட்கக்கூடாது. கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தை பெறும் திட்டம் உண்டா, என்ன மதம் என்பனவும் அப்படியே. ஆனாலும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். பாதிப் பேர் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. காபி குடிக்கும்போது பேச்சுவாக்கில் வந்துவிடும். நம் ஆட்களோ பெரியவர் கேட்கிறாரே என்று லிஸ்டை அப்படியே ஒப்பித்துவிடுகிறார்கள்.

விதியைச் சுட்டிக்காட்டி முறைக்கவும் வேண்டாம், ஒப்பிக்கவும் வேண்டாம். "பல இடங்களுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். சமூக மருத்துவமனையில் நிறைய நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சிதான் எனக்கு முக்கியம், அதனால்தான் இங்கே வந்தேன்" என்று சொல்லிவிட்டு, அவர்களுடைய ஐ.சி.யூ. பணிமுறை பற்றி நீங்கள் ஒரு கேள்வி கேளுங்கள். பேச்சு நகர்ந்துவிடும். மறுபடி மறுபடி நெருக்கினால் தேதி, நேரம், கேட்டவர், கேட்ட வார்த்தை எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். என்.ஆர்.எம்.பி.யிடம் புகார் கொடுக்க வழி இருக்கிறது.

ஒரு விஷயம் மட்டும் வேறு. உங்களுக்கு விசா தேவையா, ஜே-1ஆ, எச்-1பியா என்று கேட்பது தவறில்லை. அதற்கு ஒளிக்காமல் பதில் சொல்லுங்கள்.

நீங்களாக விரும்பிச் சொல்வதற்குத் தடை இல்லை. கணவரும் மனைவியும் கப்பிள்ஸ் மேட்சில் (இருவரின் லிஸ்டையும் இணைத்து) போகிறீர்கள் என்றால், அதைச் சொன்னால்தான் காரியம் நடக்கும். ஆனால் தடை இரு பக்கமும் இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. "சார், என்னை எத்தனையாவதாகப் போட்டிருக்கிறீர்கள்?" என்று நீங்கள் கேட்பதும் மீறல்தான்.

ஒரே காதல் கடிதத்தை மூன்று பேருக்கு அனுப்புவது

'நீங்கள்தான் என் முதல் தேர்வு' என்று எழுதும் மெயிலைத்தான் லெட்டர் ஆஃப் இன்டென்ட் என்கிறார்கள். அனுப்பலாம். அனுப்பாமலும் இருக்கலாம். அனுப்பினால் ஒரே ஓர் இடத்துக்கு, அதுவும் உண்மையாகவே முதலில் போட்ட இடத்துக்கு மட்டும். மற்ற இடங்களுக்கு 'உங்கள் ப்ரோகிராம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரே துறையின் டைரக்டர்கள் ஒருவரை ஒருவர் நன்றாக அறிந்தவர்கள், மாநாடுகளில் ஒரே மேசையில் சாப்பிடுபவர்கள். ஒரே வாசகம் இரண்டு பேர் இன்பாக்ஸில் இருந்தது தெரிந்தால் பெயர் கெட்டது கெட்டதுதான்.

நன்றி மெயில் விஷயத்தில் அலட்டிக்கொள்ளவே வேண்டாம். பதில் வரவில்லை என்றால் உங்களைப் பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை. பல ப்ரோகிராம்கள் நேர்காணலுக்குப் பிறகு யாருக்கும் பதில் போடுவதில்லை என்றே முடிவெடுத்திருக்கின்றன. இன்னொரு முறை நேரில் வந்து பார்க்கச் சொன்னாலும் பயப்படாதீர்கள். இரண்டாம் முறை வருவதைக் கட்டாயம் ஆக்கவோ, வந்தால் ரேங்க் ஏறும் என்று கோடிகாட்டவோ அவர்களுக்கு அனுமதி இல்லை. விமான டிக்கெட் காசு மிச்சம்.

சோப் (SOAP) வாரத்தில் 'தெரிந்த அங்கிள்' போன் செய்வது

எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான். மேட்ச் வாரத்தின் (மார்ச்சில் முடிவு வரும் வாரம்) திங்கட்கிழமை, இடம் கிடைத்ததா இல்லையா என்பது மட்டும் தெரியும். கிடைக்காதவர்களுக்கு, நிரம்பாத இடங்களுக்கு விண்ணப்பிக்க சோப் என்று ஒரு வழி உண்டு. 2012-க்கு முன்னால் இதே கட்டத்தை ஸ்க்ராம்பிள் என்பார்கள். ஃபேக்ஸ், போன், சிபாரிசு என்று சந்தைக்கடைதான். அந்தக் காலத்தில் இடம் பிடித்த சீனியர்கள் இன்றைக்கும் அதே யோசனையைச் சொல்வார்கள்: "உடனே கூப்பிடுப்பா, கோஆர்டினேட்டரைப் பிடி."

கூப்பிடாதீர்கள். சோப்பில் ஈராஸ் (ERAS) என்ற இணைய விண்ணப்பச் சேவை வழியாக, அதிகபட்சம் 45 ப்ரோகிராம்களுக்கு விண்ணப்பம் போவதோடு உங்கள் வேலை முடிந்தது. ப்ரோகிராம் முதலில் தொடர்புகொள்ளும்வரை நீங்கள் போன், மெயில், சமூக ஊடகம் எதிலும் அவர்களைத் தொடக்கூடாது. உங்கள் சார்பில் வேறு யாரும் தொடக்கூடாது. அப்பா, மாமனார், கல்லூரி பேராசிரியர், ஓஹையோவில் கார்டியாலஜிஸ்டாக இருக்கும் பெரியப்பா மகன், எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்தத் தடை. நல்லெண்ணத்தில் அவர் போட்ட ஒரு போன், உங்கள் பெயரில் மீறலாகப் பதியலாம். அதனால் திங்கட்கிழமை காலையிலேயே வீட்டு வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டுவிடுங்கள்: வியாழன் சோப் முடியும்வரை எனக்காக யாரும் யாரையும் கூப்பிட வேண்டாம் என்று. சோப்புக்குத் தகுதி இல்லாதவர்களும் அதுவரை காத்திருக்கத்தான் வேண்டும்.

ஒரு ப்ரோகிராம் தானாக அழைத்துவிட்டால், அந்த ப்ரோகிராமோடு பேசலாம். வியாழக்கிழமை சுற்று சுற்றாக ஆஃபர் வரும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரம் கெடு. சென்னையில் இருப்பவர்களுக்கு அது சாயங்காலமும் இரவும். போனைச் சைலன்டில் போட்டுத் தூங்கிவிட்டால் ஆஃபர் காலாவதி, அதே ப்ரோகிராமிடமிருந்து மறுபடி வராது. ஒப்புக்கொண்டாலோ, மேட்சில் கிடைத்த இடத்தைப் போலவே அது உங்களைக் கட்டும்.

முன்கூட்டியே சீட் தருகிறோம் என்றால்

2013 மேட்சுக்கு முன்புவரை இந்தியாவிலிருந்து வரும் டாக்டர்களுக்கு 'ப்ரீமேட்ச்' என்று மேட்சுக்கு வெளியே இடம் கொடுக்கும் வழக்கம் இருந்தது. அந்த ஆண்டு வந்த 'ஆல் இன்' விதிப்படி, மேட்சில் சேரும் ப்ரோகிராம் தன் எல்லா இடங்களையும் மேட்சுக்குள்தான் வைக்க வேண்டும். மேட்சில் சேராத ப்ரோகிராம் என்றால் ஒப்பந்தம் போடலாம். ஆனால் ரேங்க் லிஸ்ட் கெடுவுக்குள் மேட்சிலிருந்து விலகிவிட வேண்டும்.

கிடைத்த பிறகு மனம் மாறுவது

வெள்ளிக்கிழமை எந்த இடம் என்ற முடிவு வந்துவிட்டால் பேச்சுச் சுதந்திரம் கூடிவிட்டதாக ஒரு நினைப்பு. உண்மையில் குறைந்துவிடுகிறது. கிடைத்த இடத்தில் சேர்ந்து குறைந்தது 45 நாளாவது இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அதற்குள் வேறு ப்ரோகிராமில் அதே ஆண்டுக்கான காலியிடம் கண்ணில் பட்டால், என்.ஆர்.எம்.பி. விலக்கு கொடுக்கும்வரை 'சும்மா விசாரிக்கிறேன்' என்று ஒரு மெயில்கூடப் போடக்கூடாது. மீறினால் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை, மோசமான மீறல் என்றால் நிரந்தரமாகவும், மேட்சுக்குள் நுழையத் தடை விழலாம். விசா தாமதத்தால் ஜூலை முதல் தேதிக்குள் போய்ச் சேர முடியாது என்று தெரிந்தால், முதல் மெயில் உங்களுக்குக் கிடைத்த ப்ரோகிராமுக்கே போக வேண்டும். சேரும் தேதியைத் தள்ளிவைக்க முடியுமா என்று அவர்களிடம் கேளுங்கள். அதற்கும் வழியில்லை என்றால் விலக்கு கேட்டு என்.ஆர்.எம்.பி.க்கு எழுதுங்கள். பதில் வரும்வரை மூன்றாம் ஆளிடம் இதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.