கடலோர ஊரில் ஒரு சமகாலக் கலைக்கூடம்: நடத்துவோருக்கான கைக்குறிப்பு

ஐந்நூறு, அறுநூறு சதுர அடிக் கூடம், இரண்டு ஊழியர்கள், வாடகைக் கட்டடம், கூப்பிடு தூரத்தில் கடல். சென்னையில் இந்த அளவில் தொடங்குபவர்களுக்கானது இது. திறப்பு விழாவுக்குச் செலவாகும் கவனத்தில் பாதி பின்னறைக்கும் கோப்புக்கும் போனால் இடம் நிலைக்கும்.

யார் தேர்ந்தெடுப்பது

நிறுவனரின் நண்பர்களே மாறிமாறிச் சுவரில் ஏறினால், பார்வையாளரும் அந்த வட்டமாகவே சுருங்கிவிடுவார்கள். மூன்று பேர் தேர்வுக் குழு போதும். பதவிக்காலம் இரண்டு ஆண்டு. தன் மாணவர், உறவினர், தான் வாங்கிச் சேர்க்கும் கலைஞர் ஆகியோரின் பெயர் வரும்போது அந்த உறுப்பினர் எழுந்து வெளியே போக வேண்டும் என்பதை எழுத்தில் வையுங்கள்.

ஆண்டுக்கு ஐந்து காட்சிக்கு மேல் வேண்டாம். இரண்டு காட்சிகளுக்கு நடுவே பத்து நாளாவது விடுங்கள். ஆணி ஓட்டையை அடைத்து, புட்டி காய்ந்து, எமல்ஷன் அடித்து, அதுவும் காய வேண்டும். ஐப்பசி மழையில் இதற்கே ஒரு வாரம் பிடிக்கும். காயாத சுவரில் சாய்த்த ஓவியச் சட்டம் ஒட்டிக்கொள்ளும்.

பணம்

பட்ஜெட்டில் முதல் வரி கலைஞரின் ஊதியம். விற்பனையே இல்லாத நிறுவல் கலைக்கும் (பொருள்களைக் கூடத்திலேயே அமைத்து உருவாக்கும் படைப்பு) அது உண்டு. அச்சு, தேநீர், வாடகை எல்லாம் போக மிஞ்சியதைக் கொடுப்பது என்று வைத்தால் மிஞ்சாது. விற்பனை உண்டென்றால் கூடத்தின் பங்கு எவ்வளவு, தள்ளுபடி யார் பங்கிலிருந்து போகிறது, பணம் வந்து எத்தனை நாளில் கலைஞருக்குச் சேரும் என்ற மூன்றையும் முன்கூட்டியே எழுதுங்கள். முப்பது நாள் நியாயமான கெடு. சண்டை பெரும்பாலும் தள்ளுபடியில்தான் வரும்.

கண்காட்சியை மட்டும் நம்பி வாடகை கட்ட முடியாது. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966-இல் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமமே பாட்டிக் (மெழுகு பூசிச் சாயமேற்றும் துணி) போன்ற கைவினைப் பொருள்களை விற்றுத்தான் காலூன்றியது. பயிலரங்கு, சட்டம் போட்டுத் தரும் வேலை, அச்சுப் பிரதிகள் என ஏதாவதொரு தனி வருமானம் தேவை.

வெளிநாட்டு நன்கொடையில் கவனம். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010-இன்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அறக்கட்டளையின் சாதாரணக் கணக்கில் அதை வாங்கக் கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவு பெற்ற வேறொரு நிறுவனத்தின் வழியாகத் திருப்பிவிட்டு வாங்குவதும் முடியாது.

ஈரம்

இங்கே கலைப்பொருளுக்கு முதல் எதிரி இதுதான். சார்பு ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் தாளிலும் துணியிலும் பூஞ்சை பிடிக்கும்; சென்னையில் அது பெரும்பாலான மாதங்களில் நடப்பதே. கூடத்தில் ஒன்று, கிடங்கில் ஒன்று என டிஜிட்டல் ஈரப்பதமானி இரண்டு வாங்கி, காலை மாலை அளவை நோட்டில் குறியுங்கள்.

பகலில் ஏசியை 22-இல் ஓட்டி இரவில் அணைப்பதுதான் பரவலான தவறு. பகலில் காய்ந்து இரவில் ஈரம் குடிக்கும் தாள் அலையலையாக வளைகிறது. கேன்வாஸ் இறுகித் தளர்ந்து வண்ணத்தில் கீறல் விடுகிறது. 26-இல் சீராக வைத்து, இரவில் ஈரமகற்றும் கருவியை ஓட்டுவது மேல். அதன் தொட்டி நிரம்பினால் கருவி நின்றுவிடும், எனவே குழாய் போட்டு வெளியே விடுங்கள்.

மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் தாள் வேலைகளை மாட்டாதீர்கள். வேறு வழியில்லை என்றால் சட்டத்தின் பின்மூலைகளில் கார்க் துண்டு ஒட்டி, சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே ஒரு சென்டிமீட்டராவது காற்றோட விடுங்கள். கண்ணாடி ஓவியத்தைத் தொடக் கூடாது. நடுவே மவுண்ட் அட்டை வேண்டும், அதுவும் அமிலமற்றதாக. ராமபாணப் பூச்சிக்கு அந்துருண்டை போடும் வழக்கம் வீட்டு அலமாரியோடு நிற்கட்டும். தரையைத் துடைத்து, அட்டைப் பெட்டிகளை அகற்றி, ஒட்டுப்பொறி வைத்தால் போதும்.

மாட்டுவதும் ஒளியும்

ஓவியத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 58 அங்குலத்தில் வரட்டும். கணக்கு: 58-உடன் சட்ட உயரத்தின் பாதியைக் கூட்டி, சட்டத்தின் பின்னால் கட்டிய கம்பியை இழுத்துப் பிடித்தால் மேல்விளிம்பிலிருந்து அது இறங்கும் அளவைக் கழிக்க வேண்டும். 36 அங்குலச் சட்டம், கம்பி இறக்கம் 4 என்றால் 58 + 18 − 4 = 72; கொக்கி அங்கே. ஒரு கொக்கிக்குப் பதில் இரண்டு போட்டால் சட்டம் சாயாது. பழைய வீட்டுச் சுண்ணாம்புப் பூச்சில் ராவல் பிளக் (திருகாணியைப் பிடிக்கத் துளையில் செருகும் குழல்) பூச்சைத் தாண்டிச் செங்கல்வரை போகவேண்டும். பூச்சில் மட்டும் நின்றால் சுமையோடு கழன்று வரும்.

நீர்வண்ணம், அச்சு, புகைப்படம் ஆகியவற்றுக்கு 50 லக்ஸ் (பரப்பில் விழும் ஒளியின் அளவு), எண்ணெய் வண்ணத்துக்கு 200 லக்ஸ் என்பது அருங்காட்சியக வழக்கம். நிறச் சுட்டெண் (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற அளவு) 90-க்கு மேலுள்ள, 3000 கெல்வின் (இளமஞ்சள் ஒளி) எல்இடி வாங்கி, செங்குத்திலிருந்து 30 பாகை சாய்த்து வையுங்கள். அதற்குக் குறைந்தால் சட்டத்தின் நிழல் ஓவியத்தில் விழும். மிகுந்தால் கண்ணாடி மின்னும்.

வீடியோவுக்கு, கரண்ட் போய் வந்ததும் தானாகத் தொடங்கிச் சுழலும் மீடியா பிளேயர் வேண்டும். லேப்டாப் வேண்டாம், அப்டேட் அறிவிப்பு திரையேறும்.

சுவர்க் குறிப்பைத் தமிழில் தனியாக எழுதுங்கள். இயந்திர மொழிபெயர்ப்பைக் கலைஞரே படித்தால் தன் வேலை என்று ஒப்புக்கொள்ள மாட்டார்.

வந்தபோதும் போகும்போதும்

படைப்பு வந்த பெட்டியை ஏசி அறையில் ஒரு நாள் விட்டுப் பிறகு திறக்கவும். உடனே முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலைகள், பக்கவாட்டு வெளிச்சத்தில் பரப்பு என்று படமெடுத்து, கண்டிஷன் ரிப்போர்ட் (படைப்பின் அப்போதைய நிலைக் குறிப்பு) எழுதி, கூடத்தின் சார்பில் ஒருவரும் கலைஞரும் கையெழுத்திடுங்கள். திருப்பி அனுப்பும் நாளில் அதே தாளோடு ஒப்பிட வேண்டும். இது இல்லாமல் காப்பீட்டுக் கோரிக்கை நிற்காது. காப்பீட்டை, முன்பே ஒப்புக்கொண்ட மதிப்பில், கலைஞரின் சுவரிலிருந்து எடுத்து அங்கேயே திரும்பும்வரை எடுங்கள்.

அக்ரிலிக் பரப்பில் பபுள் ஷீட்டை நேரே சுற்றினால் வெயிலில் ஓடும் வண்டிக்குள் வட்டவட்டமாகத் தடம் பதியும். முதலில் கிளாசின் தாள் (ஒட்டாத வழவழப்பான மெல்லிய தாள்), பிறகு குமிழ் வெளியே பார்க்க ஷீட்.

ஓவியத்தை விற்றாலும் பதிப்புரிமை கலைஞரிடமே இருக்கும். போஸ்டர், நாள்காட்டி அச்சிடத் தனி அனுமதி கேளுங்கள். படைப்பைச் சிதைக்காமல் காக்கும் பொறுப்பும் உண்டு. டெல்லி விஞ்ஞான் பவனிலிருந்து பெயர்த்தெடுத்துச் சிதைத்த சுவர்ச்சிற்பத்துக்காக அதைப் படைத்த சிற்பி அமர்நாத் சேகல் தொடுத்த வழக்கில் 5 லட்சம் இழப்பீடு தரவும் மிஞ்சிய துண்டுகளை அவரிடமே ஒப்படைக்கவும் டெல்லி உயர் நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது.

விற்காதவற்றைப் பதினைந்து நாளில் திருப்பி அனுப்புங்கள். கிடங்கில் தங்குவது எதுவானாலும் தரைக்கு ஒரு அடி மேலே, செங்குத்தாக, முகத்தோடு முகம் சேர்த்து நிற்கட்டும். தரைத்தளக் கிடங்காக இருந்தால், 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று பக்கத்து வீட்டில் கேட்ட பிறகே வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து.